ஒரு லட்சத்து எட்டுக் கட்டங்கள்

மெஷின் ஓட்டுவது, மை கலப்பது, பைண்டிங் போடுவது பற்றியெல்லாம் நான் உங்களுக்கு எழுதப்போவதில்லை. அதையெல்லாம் நீங்கள் இப்போது என்னைவிட நன்றாகச் செய்கிறீர்கள். அச்சகத் தொழிலாளர் மலருக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டபோது, முப்பத்தெட்டு வருடத்தில் சரியாகச் செய்த வேலைகளைத்தான் முதலில் நினைத்துப் பார்த்தேன். நிறைய இருந்தன. படித்தால் உங்களுக்குத் தூக்கம் வரும். ஆகவே தப்பாகச் செய்த ஒரு வேலையை எழுதுகிறேன்.

நான் எட்டாவது வரைதான் படித்தவன். ஆனால் இந்தத் தப்பு படிப்புக் குறைவால் வந்ததில்லை. பக்தி ஜாஸ்தியாகி வந்தது.

ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் முன்பு, ஐப்பசி மாதத்தில், அடி அண்ணாமலையிலிருந்து ஒரு அம்மா எங்கள் அச்சகத்துக்கு வந்தார். அரசு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஊரில் எல்லாருக்கும் அவர் நர்சம்மாதான்.

"தம்பி, ஒரு நோட்டு அடிக்கணும். பக்கம் பூரா கட்டம் போட்டிருக்கணும். ஒரு கட்டத்துல ஒரு தடவை 'சிவ'னு எழுதுவோம். நோட்டு முடியறப்ப ஒரு லட்சத்தி எட்டு முடிஞ்சிருக்கணும்."

"கோடு போட்ட நோட்டு கடையில கிடைக்குதேம்மா."

"அதுல எழுதித்தான் ரெண்டு தடவ கணக்க விட்டுட்டேன்."

அவருடைய மகன் லாரி ஓட்டுகிறவர். பெரிய விபத்தில் மாட்டி மூன்று வாரம் நினைவில்லாமல் கிடந்திருக்கிறார். அப்போது நர்சம்மா மலையைப் பார்த்து, பிள்ளை கண் திறந்தால் ஒரு லட்சத்து எட்டு முறை உன் பேரை எழுதித் தருகிறேன் என்று வேண்டிக்கொண்டார். பிள்ளை கண் திறந்துவிட்டான். எழுத்துதான் முடியவில்லை. முதல் தடவை நாற்பதாயிரத்தில் கணக்கு விட்டுப்போயிற்று. முதலிலிருந்து ஆரம்பித்தார். இரண்டாம் தடவை எழுபதாயிரத்துக்குப் பக்கத்தில்.

"எழுபதாயிரத்துக்குப் பக்கத்துலனு சாமிகிட்ட சொல்ல முடியுமா தம்பி? ஆஸ்பத்திரியில மருந்து கொடுக்கறப்ப சுமாரா அஞ்சு சொட்டுனு கொடுத்ததில்ல நானு."

"பையன் என்னம்மா சொல்றாரு?"

"அவனா? மறுபடி லாரி ஓட்டறான். 'உன் கணக்கு முடியறதுக்குள்ள நான் இன்னொரு தடவ மோதிடப் போறேன், சீக்கிரம் எழுதும்மா'ன்றான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் வலது கையை மேஜை மேல் வைத்தபோது கட்டைவிரல் தானாக ஆடியது. அதை இடது கையால் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு லட்சம் இந்தக் கையில இல்ல. இதான் கடைசி. அதனாலதான் நோட்டே எண்ணிக்கட்டும்னு வந்தேன்."

அவருடைய தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் பல பெண்கள் தங்களுக்கும் வேண்டும் என்றார்களாம். மொத்தம் முந்நூறு நோட்டு. கார்த்திகை முதல் சோமவாரம் எல்லாரும் எழுத ஆரம்பிக்கிறார்கள். நிபந்தனை மூன்று. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். கடைசியில் ஒரு கட்டம்கூட மிஞ்சக்கூடாது. ஒன்றுகூடக் குறையக்கூடாது.

"நான் பொறுப்பு, போய்ட்டு வாங்கம்மா" என்றேன். இந்த வார்த்தையைச் சொல்வதற்கு முன் நான் காகிதத்தில் ஒரு பெருக்கல்கூடப் போட்டுப் பார்க்கவில்லை என்பதைக் கவனிக்கவும்.

அன்று சாயங்காலம் கணக்குப் போட்டேன். எங்கள் அச்சகத்தில் ஒரு தாளை இரு பக்கமும் அடித்து மடித்தால் எட்டுப் பக்கம் வரும். அதை ஒரு பாரம் என்போம். பக்கத்துக்கு ஒன்பது கட்டம் அகலம், பதினான்கு வரிசை என்று வைத்தால் நூற்று இருபத்தாறு கட்டம். எட்டுப் பக்கத்துக்கு எவ்வளவு? சரியாக ஆயிரத்தெட்டு.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு பாரம், ஒரு ஆயிரத்தெட்டு. நானாகத் தேடிப் போகவில்லை, அதுவாக வந்து நின்றது. அண்ணாமலையாரே வந்து கணக்குப் போட்டுக் கொடுத்தார் என்றுதான் நினைத்தேன். நூறு பாரம் போட்டால் நூறு ஆயிரம் ஒரு லட்சம், எட்டு அப்படியே இருக்கிறது. ஒரு லட்சத்து எட்டு. இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தேன். 108-ம் ஒன்பது, 1008-ம் ஒன்பது, 1,00,008-ம் ஒன்பது. மூன்றும் ஒரே குடும்பம். ஒரே குடும்பத்து எண்கள் ஒன்றுக்குள் ஒன்று மீதியில்லாமல் அடங்கும் என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதை நானாகவே சேர்த்துக்கொண்டேன்.

எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி என்பதால் வேலை சுலபம். நூறு பாரமும் ஓடி முடிந்தது. மடிப்பும் முடிந்தது. அட்டை மட்டும்தான் பாக்கி. என் சந்தோஷத்தில் பின்னட்டையில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: 1008 × 100 = 1,00,008.

அட்டையைக் கம்ப்யூட்டரில் அமைத்தது சுகன்யா என்ற பெண். எம்.எஸ்சி. கணக்கு படித்தவள். கணக்குக்கு வேலை கிடைக்காமல் கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்து அமைத்துக்கொண்டிருந்தாள். எங்களிடம் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

"அண்ணா, பின்னட்டையில தப்பு இருக்குது."

"எழுத்துப் பிழையா? திருத்திடு பாப்பா."

"எழுத்து சரியா இருக்குதுண்ணா. கணக்கு தப்பு. ஒரு லட்சத்தி எண்ணூறு வருது."

போனில் போட்டுக் காட்டினாள். உன் போனில் கமா இடம் மாறிப்போயிருக்கிறது என்றேன். அவள் சண்டை போடவில்லை.

"பத்துப் பொம்பளைங்க ஆளுக்கு நூத்தியெட்டு விளக்கு ஏத்துறாங்க. மொத்தம் ஆயிரத்தெட்டா வரும்?"

"ஆயிரத்து எண்பது."

"அந்த எட்டையும் பத்தால பெருக்கினீங்க இல்ல?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நூற்றெட்டில் அந்த எட்டு நாம் சாமிக்காக மேலே வைக்கிறது என்றே என் மனதில் இருந்திருக்கிறது. மேலே வைத்ததை யாராவது பெருக்குவார்களா? ஆனால் அந்த எட்டுக்கு அது தெரியவில்லை. அதுபாட்டுக்கு எண்ணூறாகிவிட்டது. நோட்டுக்கு எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு கட்டம் ஜாஸ்தி. முந்நூறு நோட்டிலும்.

அது புதன்கிழமை. திங்கட்கிழமை நோட்டு போகவேண்டும்.

முதலாளியிடம் சொன்னேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், நல்ல மனுஷன். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஏழுமலையண்ணே, அத யாரு எண்ணப் போறாங்க? எண்ண முடியிறவங்களா இருந்தா நம்மகிட்ட ஏன் நோட்டு கேக்கறாங்க? சாமி பேரு நாலு ஜாஸ்தி எழுதினா புண்ணியந்தானே. பின்னட்டைய மட்டும் எடுத்துட்டு பைண்டிங் போடு."

உண்மையாகவே யாரும் எண்ணமாட்டார்கள். புண்ணியம் என்பதும் சரி. இளைய தோழர்களே, வேலையில் உங்களைக் கவிழ்க்கப்போகிற யோசனை அசட்டு யோசனையாக வராது. இப்படித்தான் வரும். நியாயமாக, அன்பாக, உங்கள் தோளில் கைபோட்டுக்கொண்டு.

சுகன்யாவிடம் போய், "இந்த ஒரு லட்சத்தி எட்ட எப்படிப் பிரிச்சா பாரத்துல உட்காரும், பாரு" என்றேன். அரை மணி நேரம் கழித்து ஒரு துண்டுச் சீட்டோடு வந்தாள்.

"எட்டு, இருபத்தேழு, நானூத்தி அறுபத்தி மூணு. இந்த மூணையும் பெருக்கினா ஒரு லட்சத்தி எட்டு. பாரத்துக்கு எட்டுப் பக்கம் வேணும், பக்கம் எல்லாம் சமமாவும் இருக்கணும்னா எழுபத்திரண்டு பக்கம் போடலாம், இல்ல இருநூத்திப் பதினாறு பக்கம் போடலாம்."

"எழுபத்திரண்டு போதுமே."

"பக்கத்துக்கு ஆயிரத்து முந்நூத்தி எண்பத்தொன்பது கட்டம். எறும்புதான் எழுதணும்."

"ஜாஸ்தி பக்கம் போட முடியாதா?"

"போடலாம். இருநூத்திப் பதினாறுக்கு அடுத்தது மூவாயிரத்து எழுநூத்தி நாலு பக்கம். அந்த நோட்ட மாட்டு வண்டியில ஏத்தி அனுப்புங்க."

"அப்ப இருநூத்திப் பதினாறு."

"பக்கத்துக்கு நானூத்தி அறுபத்தி மூணு கட்டம் வரும். அது பகா எண்ணுண்ணா. எதாலயும் வகுபடாது. வரிசை வரிசையா சதுரமா நிக்காது. ஒரே வரிசையா வேணா நிக்கும்."

"ஒண்ணாலகூடவா?"

"ஒண்ணாலயும் அதாலயும் மட்டும்தான்."

"அப்ப அது சாமி மாதிரினு சொல்லு."

"சாமி வேணா பரவால்லண்ணா, வேண்டினா வழி விடுவாரு. இது விடாது."

ஆக என்னிடம் இருந்தது ஒரே வழி. அடித்த நோட்டில் கடைசி மூன்று இலையைக் கிழித்துவிட்டு, அதற்கு முந்தின பக்கத்தில் நான்கு வரிசையைக் கறுப்பாக அடித்துவிட்டால் எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு போய்விடும். கணக்கு சரியாகிவிடும். வியாழக்கிழமை காலை சாமி கும்பிட்டுவிட்டு, ஒரு நோட்டை அப்படிச் செய்து எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனேன். கிரிவலப் பாதை முழுக்க, எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

ஒத்திகை பார்த்தது எதுவும் வாயில் வரவில்லை. "நான் தப்பா பெருக்கிட்டேம்மா" என்றுதான் வந்தது.

நர்சம்மா நோட்டை வாங்கினார். கிழித்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். கறுப்பு அடித்த வரிசைகளைப் பார்த்தார்.

"உங்க வீட்டு பூஜையில கிழிஞ்ச இலையில படையல் வைப்பீங்களா தம்பி?"

"மாட்டோம்மா."

"அப்புறம் இத எப்படிக் கொண்டாந்தீங்க?"

நோட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன்.

"வந்து சொன்னீங்க பாருங்க, அது நல்லது. சொல்லாம விட்டிருந்தா நான் முடிச்சுட்டேன்னு நெனச்சிருப்பேன்" என்றார். அந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அதைப் பாராட்டாக வாங்கிக்கொண்டு பெருமைப்பட்டேன்.

காப்பி கொண்டுவரப் போனார். ஜன்னல் ஓரம், கட்டம் எந்த அளவு இருந்தால் அவருக்கு எழுத வரும் என்று பார்க்க நான் முன்பு கொடுத்திருந்த மாதிரி பாரம் கிடந்தது. எட்டுப் பக்கமும் எழுதிவைத்திருந்தார். கை ஆடினாலும் எழுத்து கட்டத்தை விட்டு வெளியே வரவில்லை. எடுத்துப் புரட்டினேன். ஒவ்வொரு பக்கத்திலும், கட்டங்கள் தொடங்குவதற்கு மேலே, வெள்ளை இடத்தில், நடுவில் தனியாக ஒரு 'சிவ'.

"இது என்னம்மா?" என்று காப்பியோடு வந்தவரிடம் கேட்டேன்.

"எது? அதுவா? பக்கத்த திருப்பினா மேல ஒண்ணு எழுதாம உள்ள கைவைக்க வராதுப்பா. நீங்க தாள்ல பிள்ளையார் சுழி போடல?"

"இது கணக்குல சேருமா?"

நர்சம்மா என் கையிலிருந்த பாரத்தைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"தெரியலயே தம்பி. சில நாள் சேத்து எண்ணிருப்பேன். சில நாள் விட்டிருப்பேன்." பாரத்தை வாங்கி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். "ரெண்டு தடவையும் கணக்கு போனது இதனாலதானா?"

எனக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. ஆனால் அதே நேரம் மண்டைக்குள் வேறு ஏதோ ஓடியது. அங்கேயே நின்றபடி சுகன்யாவுக்குப் போன் போட்டேன்.

"பாப்பா, அந்த நானூத்தி அறுபத்தி மூணுல ஒண்ணை எடுத்துட்டா?"

"நானூத்தி அறுபத்திரண்டு. அது ஜம்முனு வகுபடும்ணா. இருபத்தொண்ணு அகலம், இருபத்திரண்டு வரிசை. ஏன்?"

"அந்த ஒண்ணை எங்க வைக்கணும்னு தெரிஞ்சுபோச்சு."

பக்கத்தின் மேலே நடுவில் பெரிதாக ஒரு கட்டம். அதன் கீழே இருபத்திரண்டு வரிசை. மொத்தம் நானூற்று அறுபத்து மூன்று. இருநூற்றுப் பதினாறு பக்கம். இருபத்தேழு பாரம். வகுபடாத அந்த எண்ணுக்குத் தேவைப்பட்டது, எங்கள் பெண்கள் கேட்காமலேயே எழுதுகிற அந்த ஒன்றுதான். நர்சம்மாவிடம் காகிதத்தில் வரைந்து காட்டினேன்.

"கட்டம் சின்னதா இருக்குமேம்மா?"

"சின்னதா இருந்தா கை கம்மியாதான நகரணும். நல்லதுதான். மேல இருக்கறதுக்கும் கட்டம் வந்துடுச்சுல்ல, இனிமே கொழப்பம் இல்ல." பிறகு, "ஒரு நாளைக்கு ஒரு பக்கம். இருநூத்திப் பதினாறு நாளு. கை தாங்கும்" என்றார்.

முதலாளி மறு அச்சுக்கு ஒத்துக்கொண்டார். நூறு பாரத்துக்குப் பதில் இருபத்தேழுதான் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் முந்நூறும் முடிந்தது. அந்தத் தப்பு நோட்டுகளை என்ன செய்தார் என்று கேட்பீர்கள். 'ஒரு லட்சத்து எண்ணூறு சிவநாமம்' என்று புது அட்டை போட்டு, ஆசிரமம் பக்கத்துக் கடைகளுக்கு அனுப்பினார். ஒரே மாதத்தில் தீர்ந்துவிட்டது. ஒரு கடைக்காரர், இந்த எண்ணுக்கு என்ன விசேஷம் என்று வெளிநாட்டுக்காரர்கள் கேட்கிறார்கள் என்றாராம். நூறு முறை ஆயிரத்தெட்டு, ரொம்ப அபூர்வம் என்று முதலாளி சொல்லி அனுப்பினார். என் வாழ்க்கையில் நான் செய்த வேலைகளில் வெளிநாடு வரை போனது அது ஒன்றுதான்.

இதோடு நிறுத்தியிருந்தால் உங்களுக்கு நல்ல பாடமாக இருந்திருக்கும். தப்பை ஒளிக்காதே, வேலை கொடுத்தவரிடம் போய்ச் சொல், அங்கேயே வழி கிடைக்கும். மலருக்கு எழுதிக் கொடுக்க இது போதும். ஆனால் நடந்தது இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

ஆனி மாதம் நர்சம்மா போன் செய்தார்.

"முடிச்சுட்டேன் தம்பி. நாளைக்கி கோயில்ல வைக்கப் போறேன். அடிச்சது நீங்கதான, வந்து ஒரு தடவ புரட்டிப் பாத்துட்டுப் போயிடுங்க. எனக்கு என் மேலயே நம்பிக்கையில்ல."

போனேன். மகனும் வீட்டில் இருந்தார். "வாங்கண்ணே, ஆடிட் பண்ண வந்தீங்களா? அம்மா முடிச்சுட்டாங்கன்னு எனக்கு ஒரு பேப்பர் எழுதிக் கொடுங்க, அப்பதான் தைரியமா வண்டி எடுக்க முடியும்" என்று சிரித்தார். நர்சம்மா சிரிக்கவில்லை. அவருடைய வலது கை இப்போது மடியில் சும்மா கிடந்தபோதும் ஆடியது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் கொடுத்தார்.

நோட்டைத் திறந்தேன். முதல் பக்கம் முழுக்க நிறைந்திருந்தது. மேலே இருந்த பெரிய கட்டத்திலும் அழகாக ஒரு 'சிவ'. அந்தக் கட்டத்துக்கு மேலே, தாளின் விளிம்பை ஒட்டி, சின்னதாக இன்னொரு 'சிவ'.

அடுத்த பக்கம் திருப்பினேன். அதிலும் இருந்தது. அதற்கடுத்த பக்கத்திலும். நான் புரட்டப் புரட்ட நர்சம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முகத்தை அசைக்காமல் இருநூற்றுப் பதினாறு பக்கத்தையும் புரட்டினேன். ஒன்றில்கூட அது விட்டுப்போகவில்லை. மேலே இருப்பதற்கும் நாங்கள் கட்டம் போட்டுவிட்டோம், அதனால் அது கணக்குக்குள் வந்துவிட்டது. அது கணக்குக்குள் வந்ததும், அதற்கு மேலே ஒன்று வேண்டும் என்று கை தானாக எழுதியிருக்கிறது. அவருக்கே தெரியாமல்.

மொத்தம் ஒரு லட்சத்து இருநூற்று இருபத்து நாலு. சுகன்யா பக்கத்தில் இருந்திருந்தால் சொல்லியிருப்பாள்: பக்கத்துக்கு நானூற்று அறுபத்து நாலு, அது நன்றாக வகுபடும் எண், ஆனால் மொத்தம்தான் ஒரு லட்சத்து எட்டு ஆகாது என்று.

"எல்லாக் கட்டமும் இருக்குதா தம்பி?"

"இருக்குதும்மா."

"ஒண்ணும் விட்டுப்போகலயே?"

"ஒண்ணும் விட்டுப்போகல."

"ஒண்ணுகூட ஜாஸ்தி இல்லையே?"

ஐப்பசியில் முதலாளி என்னிடம் கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான். ஜாஸ்தி இருந்தால் யார் எண்ணப் போகிறார்கள் என்று. அன்று வண்டியை எடுத்துக்கொண்டு போய் உண்மையைச் சொன்னேன். இன்று அதே உண்மை என் மடியில் விரிந்து கிடக்கிறது, கேட்கிறவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார், அவருடைய கையில் இன்னொரு லட்சம் இல்லை.

"கட்டத்துக்குள்ள ஒரு லட்சத்தி எட்டுதாம்மா. ஒண்ணுகூட ஜாஸ்தி இல்ல."

நர்சம்மா கண்ணை மூடிக்கொண்டார். மகன் முகத்தில் இருந்த கிண்டல் மறைந்தது; அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். நான் நோட்டை மூடி, இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தேன்.

நான் சொன்னது பொய்யா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. உங்களில் யாராவது கணக்கு நன்றாகப் படித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அந்த இருநூற்றுப் பதினாறு இரண்டு நூற்றெட்டு என்பதை மட்டும், திரும்பி வரும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி, மலையைப் பார்த்து ஒரு தடவை சொல்லிவிட்டு வந்தேன்.